மோசே, மொசைக், மலையகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமய வகுப்பில் மோசேயின் சட்டம், சித்திர வகுப்பில் சிறு கல், கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்யும் மொசைக் ஓவியம், மேடைப் பேச்சில் ‘பல்லின மொசைக்’ என்று ஏறக்குறைய ஒரே ஒலி மூன்று திசைகளிலிருந்து நம் பிள்ளைகளின் காதில் விழுகிறது. ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் மாணவர்களும் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மோசேக்கும் மொசைக்குக்கும் என்ன உறவு?

பெயரளவில் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே எழுத்துகளில் எழுதுவதால் வந்த குழப்பம் இது. சமயத்தில் வருவது மோசேயின் பெயரிலிருந்து பிறந்தது. கலையில் வருவது கிரேக்கர்களின் கலைத் தெய்வங்களான மியூஸ்களோடு தொடர்புடைய இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஆங்கில நூலில் பெரிய எழுத்தில் தொடங்கினால் மோசேயைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மோசேயின் சட்டம் என்றால் பத்துக் கட்டளைகள் மட்டுமா?

பத்துக் கட்டளைகள் அதன் வாசல்தான். சட்டம் முழுவதும் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களில் பரந்து கிடக்கிறது: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். கத்தோலிக்கப் பிள்ளைகள் யாத்திராகமத்தை ‘விடுதலைப் பயணம்’ என்றும் உபாகமத்தை ‘இணைச் சட்டம்’ என்றும் படிக்கிறார்கள், நூல் ஒன்றுதான். பாட்டிமார் பத்திரமாக வைத்திருக்கும் பழைய கத்தோலிக்க நூல்களில் மோசேக்கு ‘மோயீசன்’ என்று பெயர்.

யூத மரபு இந்த நூல்களிலுள்ள கட்டளைகளை 613 என்று கணக்கிடுகிறது. செய்ய வேண்டியவை 248, செய்யக்கூடாதவை 365. உணவு, ஓய்வுநாள், கடன், காணி, தோல் நோய், வழக்கு, அறுவடை என்று வாழ்க்கையின் எந்த மூலையையும் அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை.

எங்கள் பிள்ளை கத்தோலிக்க மறைக்கல்வியில் படித்த இரண்டாம் கட்டளையும், பக்கத்து மெதடிஸ்த ஆலயத்தில் சொல்லப்படும் இரண்டாம் கட்டளையும் வேறாக இருக்கின்றன. யார் பிழை?

யாரும் பிழையில்லை. வேதாகமத்தில் கட்டளைகளுக்கு இலக்கமிடப்படவில்லை; பிற்காலத்தவர்கள்தான் இலக்கமிட்டார்கள். உருவங்களைச் செய்து வணங்கக்கூடாது என்பதைக் கத்தோலிக்கர்கள் முதல் கட்டளையின் பகுதியாகக் கொள்கிறார்கள். ஆகவே கடவுளின் பெயரை வீணாகச் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு இரண்டாவதாகிறது. கணக்கு பத்தாக வேண்டும் என்பதற்காகப் பிறர் மனைவியை விரும்பாதிருத்தலையும் பிறர் உடைமையை விரும்பாதிருத்தலையும் ஒன்பது, பத்து என்று பிரிக்கிறார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் உருவம் பற்றியது தனிக் கட்டளை. இரு விருப்பங்களும் ஒரே பத்தாம் கட்டளை. யூதர்களின் வரிசை இவ்விரண்டிலிருந்தும் சற்று வேறுபடும். பரீட்சைக்குப் போகும் பிள்ளை தன் பாடநூலின் வரிசையையே எழுதட்டும்.

முஸ்லிம்கள் மோசேயை ஏற்கிறார்களா?

ஆம். அவர்களுக்கு அவர் மூஸா நபி. திருக்குர்ஆனில் மற்ற எந்த நபியையும்விட அதிக இடங்களில் பெயர் சொல்லப்படுபவர் அவரே. அவருக்கு இறக்கப்பட்ட வேதம் தவ்ராத். கண்டியிலோ மாத்தளையிலோ ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பிர்அவுனின் கதையை, அதாவது பார்வோனின் கதையை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

கிறிஸ்தவர்கள் அந்தச் சட்டம் முழுவதையும் கடைப்பிடிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி முதல் நூற்றாண்டிலேயே எருசலேமில் விவாதிக்கப்பட்டது. யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவராகும்போது விருத்தசேதனம் முதலியவற்றை அவர்கள்மீது சுமத்த வேண்டியதில்லை என்று அங்கே முடிவாயிற்று. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. அறநெறிக் கட்டளைகள் நிலைத்தன. சடங்குச் சட்டங்கள் அவர்களைக் கட்டவில்லை என்பது பெரும்பாலான சபைகளின் விளக்கம்.

மோசேயின் சட்டத்தில் தோட்டத்து மக்களாகிய நமக்கென்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 33, 34ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். உங்கள் நாட்டில் வந்து தங்கும் அந்நியனைச் சிறுமைப்படுத்தாதீர்கள். அவனை உங்கள் நாட்டில் பிறந்தவனாகவே எண்ணுங்கள். நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்பது அதன் சாரம். அந்தக் காலத்துச் சட்டங்களில் அடிமைக்கும் அந்நியனுக்கும் இருந்த இடத்தை நினைத்தால் இது எவ்வளவு துணிச்சலான வாக்கு என்பது விளங்கும். இரக்கப்பட்டு எதையாவது கொடுத்தனுப்புங்கள் என்று அது சொல்லவில்லை. சுதேசிக்கு உள்ள இடத்தையே அந்நியனுக்கும் தரச் சொல்கிறது.

அடுத்தது உபாகமம் 24ஆம் அதிகாரம், 14, 15ஆம் வசனங்கள். கூலிக்காரன் உன் இனத்தானானாலும் உன் ஊரில் இருக்கும் அந்நியனானாலும் அவனை ஒடுக்காதே. அன்றன்றைய கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடு. அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான். அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்றும் வருகிறது.

இந்த வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்து வரலாற்றைப் படியுங்கள். தொழிலாளரைத் திரட்டி மேய்த்த பெரிய கங்காணிமாரின் காலத்தில் ‘துண்டு’ முறை என்று ஒன்று இருந்தது. தோட்டம் மாறப் பார்க்கும் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, அதை யார் அடைத்தால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டே துண்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அந்தத் தோட்டத்துக்கு மாறும். ஆள் கடனிலேயே இருப்பார். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. இத்தனைக்கும் தோட்டத் துரைமாரில் மிகப் பலர் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் இந்த வேதாகமத்தையே கேட்டவர்கள். நாட்சம்பளம் 1000 ரூபா என்ற கோரிக்கையும் பல ஆண்டுகள் இழுபட்டு, சம்பள நிர்ணய சபையின் வழியாக 2021இல்தான் நிறைவேறியது. வேதம் படித்த நாளிலிருந்து அந்த 15ஆம் வசனம் எனக்குத் தோட்டத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல் படுகிறது.

உருவம் செய்யக்கூடாது என்பது மோசேயின் சட்டம் என்றால், யூதத் தொழுகைக்கூடங்களில் மொசைக் ஓவியங்கள் எப்படி வந்தன?

நல்ல கேள்வி. இஸ்ரேலின் வடக்கில் பெத் ஆல்ஃபா என்ற இடத்தில் 1928இன் இறுதியில் நீர்ப்பாசனக் கால்வாய் வெட்டியவர்கள் ஒரு மொசைக் தரையைக் கண்டார்கள். ஆறாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் தரை அது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போகும் காட்சி அதில் இருக்கிறது. நடுவில் பன்னிரண்டு ராசிகள், அவற்றின் மையத்தில் நான்கு குதிரைத் தேரில் சூரியன். மேஷம், ரிஷபம் என்று நம் சாத்திரியார் சொல்லும் அதே ராசிகள்தாம். தரையைச் செய்த மரியானோஸ், அவர் மகன் ஹனினா என்ற இரு கைவினைஞர்களின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

வணங்குவதற்காகச் செய்வதையே சட்டம் தடுக்கிறது, அழகுக்காகக் காலடியில் பதிப்பதை அல்ல என்று அந்த ஊர்ச் சபை எண்ணியிருக்க வேண்டும். காலால் மிதிக்கும் தரையில் இருப்பதை யார் கும்பிடப்போகிறார்கள்? எல்லாச் சபைகளும் இவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. முஸ்லிம்கள் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டார்கள். எருசலேமில் 691-692இல் கட்டப்பட்ட பாறைக் குவிமாடத்தின் மொசைக்கில் மனிதரும் இல்லை, விலங்கும் இல்லை. கொடியும் மலரும் அணிகலனும் அரபு எழுத்துமே. டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆறும் மரமும் மாளிகையுமாக ஒரு முழு நகரத்தையே பதித்தார்கள். அந்த நகரத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

மோசேயையே மொசைக்கில் காட்டியிருக்கிறார்களா?

சினாய் மலையின் அடிவாரத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அங்கே ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டுவித்த புனித கத்தரீனா மடத்தின் கோயிலில், இயேசு உருமாறும் காட்சி பொன்னிற மொசைக்காக ஒளிர்கிறது. ஒருபுறம் எலியா, மறுபுறம் மோசே. அதற்கு மேலே ஜன்னலின் இரு பக்கமும் இரண்டு சிறிய காட்சிகள்: எரியும் புதரின் முன் மோசே தன் காலணியைக் கழற்றுகிறார்; மலையில் சட்டத்தைப் பெற்றுக்கொள்கிறார். சட்டம் கொடுக்கப்பட்டதாக மரபு நம்பும் மலைக்குக் கீழேயே அந்தச் சட்டம் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளால் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கும் வேறோர் இடம் எனக்குத் தெரியாது.

இத்தாலியின் ரவென்னாவில் 547இல் அர்ச்சிக்கப்பட்ட சான் விட்டாலே கோயிலிலும் காலணி கழற்றும் மோசே உண்டு. மோசே இறந்ததாகச் சொல்லப்படும் நெபோ மலை இன்றைய ஜோர்தானில் இருக்கிறது. அங்குள்ள நினைவுக் கோயிலின் தரையில் வேட்டைக்காரரும் ஆடு மேய்ப்பவரும் விலங்குகளும் நிறைந்த ஆறாம் நூற்றாண்டு மொசைக்கைக் காணலாம். அருகிலுள்ள மாதபா ஊரின் தேவாலயத் தரையில் புனித நாட்டின் வரைபடமே மொசைக்காக இருக்கிறது. எருசலேம் அதன் மதிலும் வீதிகளுமாகத் தெளிவாகத் தெரிகிறது.

மொசைக் கலை எப்போது தொடங்கியது?

5000 ஆண்டுகளுக்கு முன்பே மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில், தலைப்பக்கத்தில் நிறம் பூசிய களிமண் கூம்புகளைச் சுவரில் குத்திக் கோலங்கள் அமைத்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் மாசிடோனியாவின் பெல்லா நகரில் ஆற்றுக் கூழாங்கற்களைக் கொண்டே மான் வேட்டைக் காட்சி செய்தார்கள். பிறகு கல்லைச் சிறு சதுரங்களாக வெட்டும் முறை பரவியது. அதன் உச்சமென்று நான் கருதுவது பொம்பெய் நகரில் 1831இல் கிடைத்த அலெக்சாண்டர் மொசைக். அலெக்சாண்டரும் பாரசீக மன்னன் தாரயவுஷும் மோதும் போர்க்களம். ஏறத்தாழ 15 இலட்சம் துண்டுகள் அதில் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். தோற்கும் மன்னனின் கண்ணில் தெரியும் திகைப்பை அவ்வளவு சிறிய கற்களால் காட்டியிருக்கிறார்கள். இன்று அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயில் மொசைக்கில் உள்ள தங்கம் உண்மையான தங்கமா?

ஆம், ஆனால் மிக மெல்லிய தகடு. கண்ணாடியின்மேல் தங்கத் தகட்டை வைத்து அதன்மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடிப் படலத்தை உருக்கி மூடி, பிறகு துண்டுகளாக வெட்டுவார்கள். தங்கம் கண்ணாடிக்குள் இருப்பதால் தேயாது. அந்தத் துண்டுகளைச் சுவரில் மட்டமாகப் பதிக்காமல் ஒவ்வொன்றையும் சற்றே சாய்த்துப் பதிப்பது பைசாந்தியக் கைவினைஞரின் நுட்பம். விளக்கொளி அசையும்போது, பார்ப்பவர் நடக்கும்போது, சுவர் முழுவதும் மினுங்கும்.

பழைய வீடுகளில் ‘மொசைக் தரை’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?

உறவு உண்டு, ஆனால் வேறு. பளிங்குச் சில்லுகளைச் சீமெந்தில் கலந்து ஊற்றி, காய்ந்தபின் இயந்திரத்தால் அரைத்து மெருகேற்றிய தரை அது. சில்லுகள் விழுந்த இடத்தில் கிடக்கும். ஒவ்வொன்றையும் கையால் எடுத்து இடம் பார்த்து வைப்பதில்லை. கலையாக நாம் பேசும் மொசைக்கில் இடம் பார்த்து வைப்பதுதான் எல்லாமே.

உடைந்த கோப்பையையும் டைலையும் வைத்துச் செய்தால் அது மொசைக் ஆகுமா?

தாராளமாக. பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் அந்தோனி கௌடியும் அவரோடு பணிசெய்தவர்களும் உடைந்த டைல், பீங்கான் துண்டுகளால் நெளிந்து செல்லும் நீண்ட இருக்கையை அலங்கரித்தார்கள். பாங்கொக்கின் வாட் அருண் விகாரையின் கோபுரத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் பூக்களாகியிருக்கின்றன. எனக்கு இவற்றைவிட நெருக்கமானது சண்டிகரிலுள்ள பாறைத் தோட்டம். இந்தியப் பிரிவினையில் தன் ஊர் பாகிஸ்தானாகிவிட, இடம்பெயர்ந்து வந்தவர் நேக் சந்த். வீதி மேற்பார்வையாளராக வேலை பார்த்துக்கொண்டே, இடித்த கட்டடங்களின் கழிவையும் உடைந்த வளையல்களையும் பீங்கானையும் சேர்த்து, காட்டோரத்தில் யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் உருவங்கள் செய்தார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

எங்கள் தோட்டப் பாடசாலைச் சுவரில் பிள்ளைகளைக் கொண்டு மொசைக் செய்ய விரும்புகிறோம். மழையிலும் குளிரிலும் நிற்குமா?

நிற்கும். காலத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை வேலை செய்யுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை மாறும். அங்கே ஆண்டின் நடுப்பகுதியே காய்ந்திருக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழுவதால், அன்று பதித்ததை மாலையிலேயே சாக்கால் மூடிவிடுங்கள். குளிரில் சீமெந்து இறுக இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

டைல் கடைகளில் உடைந்தவற்றைக் கேட்டால் தருவார்கள். துண்டுகளைச் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். சில்லுத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாத பிள்ளையை அருகில் விடாதீர்கள். சுவரில் பாசியும் உரிந்த சாயமும் இல்லாமல் சுரண்டிக் கழுவுங்கள். மலைச் சுவர்களில் பாசிதான் முதல் எதிரி. அதன்மேல் ஒட்டியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. படத்தைக் கரியால் பெரிதாக வரையுங்கள். டைல் ஒட்டும் சீமெந்தை ஒரு முழம் இடத்துக்கு மட்டும் பூசி, அது இறுகுமுன் துண்டுகளை அழுத்துங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். மறுநாள் அந்த இடைவெளிகளை நிரப்பி, அரை மணி நேரத்தில் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஊரிலுள்ள மேசன் ஒருவர் முதல் நாள் கூட நின்றால் போதும்.

என்ன படம் என்று கேட்பவர்களுக்கு: பங்களாவும் பச்சை மலையும் வேண்டாம், அவை தேயிலைப் பெட்டிகளில் போதுமான அளவு இருக்கின்றன. காமன்கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவதை வரையுங்கள். காலையில் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தை வரையுங்கள். தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களை வரையுங்கள்.

மரவள்ளி இலையில் வரும் நோயையும் மொசைக் என்கிறார்களே?

இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிவதால் வந்த பெயர். வைரசு நோய் அது. வெள்ளை ஈ பரப்புகிறது. மரவள்ளியைத் தாக்கும் ஒரு வைரசுக்கு இலங்கையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். திட்டு விழுந்த செடியிலிருந்து நடுவதற்குத் தடி வெட்டாதீர்கள்; அதைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

ஒரு சமூகத்தை மொசைக் என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

முக்கியமாகக் கனடாவிலிருந்து. அமெரிக்காவில், வந்தவர் எல்லோரும் உருகி ஒரே உலோகமாவார்கள் என்ற எண்ணம் 1908இல் இஸ்ரேல் சாங்வில்லின் நாடகத்தோடு பரவியது. கனடியர்கள் அதற்கு மாற்றாக, ஒவ்வொரு இனமும் தன் நிறத்தோடு நின்றே ஒரு படமாகலாம் என்றார்கள். ஜோன் மர்ரே கிப்பன் 1938இல் தன் நூலின் தலைப்பிலேயே கனடாவை மொசைக் என்றார். 1971இல் பிரதமர் பியேர் ட்ரூடோ பன்முகப் பண்பாட்டைத் தேசியக் கொள்கையாக அறிவித்தார். 1988இல் அது சட்டமாயிற்று.

அப்படியானால் நம் மலையகமும் ஒரு மொசைக்தானே?

துண்டுகளைப் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் தென்னிந்திய வழிவந்த நாயக்க மன்னர்கள். பௌத்த சங்கத்துக்கு 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் புத்துயிர் தந்தவர் அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். கண்டிப் பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் போகிறது. அந்தப் பத்தினி நம் கண்ணகி. சிவனொளிபாத மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் மாசி மகத்தில் வீதிக்கு வருகின்றன. தோட்டத்துத் தொழிற்சாலைச் சக்கரத்தின் பக்கத்தில் ரோதைமுனி இருக்கிறார். இந்தியாவிலிருந்து யாரும் கொண்டுவராத, இந்த மண்ணில் இயந்திரத்தோடு பிறந்த சாமி.

ஆனால் கற்களை அள்ளிக் கொட்டினால் அது மொசைக் ஆகாது. சாந்து வேண்டும். சமூகத்தில் அந்தச் சாந்து குடியுரிமை, வாக்கு, காணி உறுதி, முகவரி. இதைச் சொல்லாமல் ‘அழகான மொசைக்’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் நம் முன்னோர் வந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த வழியில் பசியாலும் காய்ச்சலாலும் கணக்கில்லாதவர்கள் மாண்டார்கள். நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபி என்றது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவரிடம் எந்தக் காகிதம் இருந்தது? மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள், வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதி போய்ச்சேரத் தடையாக நின்றது. அதைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியிருக்கும் லயத்துக்குச் சொந்த உறுதி இல்லாத குடும்பங்களே இன்றும் பெரும்பான்மை.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடியானவர்களையும் மறக்கக்கூடாது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் அவர்களின் சேனைப் பயிர் நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் விழுங்கித் தோட்டங்களுக்கு வழிவிட்டது. அவர்களின் கோபம் பல தலைமுறைகளாக நம் பக்கம் திரும்பியிருந்தது; நிலத்தை எடுத்தது நாமல்ல.

‘செங்குத்து மொசைக்’ என்பது என்ன?

கனடாவில் இனங்கள் பக்கம் பக்கமாக நிற்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன என்று 1965இல் சமூகவியலாளர் ஜோன் போர்ட்டர் காட்டினார். அந்த நிலைக்கு அவர் வைத்த பெயர் இது. தோட்டத்தில் பிறந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மலை உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே உத்தியோகத்தர் வீடுகள், பள்ளத்தில் லயங்கள். வெள்ளைத் துரை போனபின்பும் அந்த அடுக்கு போகவில்லை.

நமக்குள்ளும் ஓர் அடுக்கு இருந்தது. சாதி பார்த்து லயம் பிரித்தார்கள். சாமி தூக்குவதிலும் தண்ணீர் எடுப்பதிலும் வரிசை இருந்தது. இன்றும் கல்யாணப் பேச்சில் அது எட்டிப் பார்க்கிறது. நாட்டிடம் சம இடம் கேட்கும் நாம் இதைத் தொடரலாகாது.

எல்லோரும் கலந்து ஒன்றாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

விரும்பிக் கலப்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. காலி, மாத்தறை மாவட்டத் தோட்டங்களில் நடப்பது அதுவல்ல. அங்கே தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு என்பதால் பல பிள்ளைகள் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். இரண்டு தலைமுறையில் வீட்டுப் பேச்சும் மாறிவிடுகிறது. சிங்களம் நன்றாகத் தெரிவது பெரிய பலம், எல்லாப் பிள்ளைகளும் கற்கட்டும். ஆனால் உயர்தரம்வரை தமிழில் படிக்க ஒரு பாடசாலை எட்டும் தூரத்தில் இருந்து, அதன்பிறகு பெற்றோர் தெரிவு செய்தால்தான் அதைத் தெரிவு என்று சொல்ல முடியும்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை எந்த மொசைக்கில் சேர்ப்பது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோத்தகிரியிலோ கூடலூரிலோ சொந்தக்காரர் உள்ளவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்குச் சென்றன. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதே கொழுந்து, அதே குளிர், அங்கும் வரிசை வீடு. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது தொலைபேசியில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அப்படித் தேடுபவர்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) பெயரையும் கங்காணியின் பெயரையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைவிட அந்த மூன்றும் விரைவாக ஆளைக் காட்டிக்கொடுக்கும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போட்டையும் குடும்ப அட்டையையும் படமெடுத்து வைத்துவிட்டு, அவற்றைப் பற்றிப் பாட்டி சொல்வதை அவரிடமே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்.